ஏழு பேர் வண்டியும் அத்திமரத்தடி நிபுணர்களும்

கருவேலங்காட்டுக் குளத்தில் ஒரு நீர்நாய்க் குடும்பம் இருந்தது. அப்பா துடுப்பன், அம்மா அல்லி, குட்டிகள் ஐந்து. குட்டிகள் கண் திறந்தே பத்து நாள்தான் ஆகியிருந்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. குளம் நாளுக்கு நாள் சுருங்கியது. மேற்கே வற்றாத ஏரி ஒன்று உண்டு. ஆனால் நடுவில் பெரிய பொட்டல். ஒதுங்கி நிற்க ஒரு புதர்கூடக் கிடையாது. பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிடலாம். பச்சைக் குட்டிகள் பாதி வழியில் சுருண்டு விழுந்துவிடும். ஆகவே வண்டி வேண்டும். அதுவும் குளம் வற்றுவதற்குள் வேண்டும்.

நல்லவேளையாக, அந்தக் காட்டில் கரியம்மா என்ற கரடி வண்டி செய்து கொடுத்துவந்தாள். அப்போதுதான் புது வண்டி ஒன்றை முடித்திருந்தாள். உயரமான சக்கரம், மேலே ஓலைக் கூண்டு, உள்ளே ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். புது வண்டி அது ஒன்றுதான். இழுப்பதற்கு மட்டும் மூன்று பேர் இருந்தார்கள்: குதிரை, எருமைக்கடா, கோவேறு கழுதை.

"யார் வேணும்னு சொல்லுங்க தம்பி. நாளைக்கே பூட்டித் தரேன்" என்றாள் கரியம்மா.

ஒரு பெயரைச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே? துடுப்பன் சொல்லவில்லை. விவரம் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று அத்திமரத்தடிக்குப் போனான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அத்திமரத்தடியில் தினமும் ஒரு கூட்டம் கூடும். கொப்பாண்டி என்ற குரங்கு, தடியப்பன் என்ற காட்டுப்பன்றி, நெளியன் என்ற நரி. மூவரும் வண்டிப் பைத்தியங்கள். வண்டிப் பேச்சு என்றால் அவர்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். எந்த வண்டிச் சக்கரத்துக்கு எத்தனை ஆரக்கால் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

கொப்பாண்டி குதிரைக் கட்சி. தொட்டால் பறக்கும், சத்தமே வராது, உள்ளே குட்டிகள் தூங்கினால் முழிக்காது என்றான். தடியப்பன் உறுமினான். பறப்பதெல்லாம் சமதரையில்தான், ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறச் சொல்லிப் பார், அப்போது தெரியும் எருமையின் அருமை என்றான். எருமை ஒரு கட்டு வைக்கோலில் எத்தனை தூரம் போகும், குதிரை எத்தனை தூரம் போகும் என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டினான். நம் ஊரில் மைலேஜ், மைலேஜ் என்று உயிரை விடுகிறார்களே, அதே கதைதான்.

எருமை கிளம்பும்போது போடும் சத்தத்தில் காது கிழியும், பின்னால் வருகிறவன் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று குரங்கு திருப்பிக் கொடுத்தான். இரண்டும் பழைய காலத்துச் சரக்கு என்றான் நெளியன். கோவேறு கழுதையிடம் குதிரையின் வேகமும் உண்டு, கழுதையின் சிக்கனமும் உண்டு, இனிமேல் எல்லாம் கலப்புதான் என்றான். மற்ற இருவரும் விடுவார்களா? நடுவழியில் முரண்டு பிடித்தால் குதிரை வைத்தியரைக் கூப்பிடுவதா, கழுதை வைத்தியரைக் கூப்பிடுவதா என்று கேட்டுச் சிரித்தார்கள்.

துடுப்பன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். முதல் நாள் குதிரைதான் என்று முடிவு செய்து வீட்டுக்கு வந்தான். மறுநாள் எருமை என்றான். மூன்றாம் நாள் கோவேறு கழுதை. நான்காம் நாள் வண்டியின் முகப்பு புலி முகம்போல் மிடுக்காக இல்லையே என்று கவலைப்பட்டான். பொட்டலில் வண்டியின் முகத்தை எந்தப் புலி வந்து பார்க்கப்போகிறதோ, தெரியவில்லை.

"ஏங்க, தண்ணி முழங்காலுக்கு வந்திடுச்சு. எதையாவது ஒண்ணைச் சொல்லிட்டு வாங்களேன்" என்றாள் அல்லி.

"ஆயுசுக்கு ஒரு தடவை எடுக்கிற வண்டி. அவசரப்பட்டா எப்படி?" என்றான் துடுப்பன்.

அடுத்த நாள் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று அத்திமரத்தடியில் ஏற்பாடானது. பாறைச் சரிவில் மூவரையும் மாற்றி மாற்றிப் பூட்டி ஓட்டினார்கள். கொப்பாண்டி முன்னால் உட்கார்ந்து வாலைச் சுழற்றினான். தடியப்பன் நிழலை அளந்து நேரம் கணக்கிட்டான். குதிரை ஜெயித்தது என்று ஒருவன் சொன்னான், தொடக்கமே தப்பு என்று இன்னொருவன் சொன்னான். திரும்பவும் ஓட்டினார்கள். இப்படியே மூன்று நாள் போனது.

"நம்ம குட்டிகளை ஏத்திப் பார்த்தீங்களா?" என்று அல்லி கேட்டாள்.

"காலி வண்டியிலதான் வேகம் பார்ப்பாங்க. அதுதான் முறை" என்றான் துடுப்பன். அவன் குரலிலும் இப்போது ஒரு நிபுணத்தனம் ஏறியிருந்தது.

அதற்குப் பிறகு நெளியன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். கரியம்மா அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் பெரிய வண்டி ஒன்று செய்யப்போகிறாளாம், கூண்டைத் திறந்து மூடலாமாம், இப்போது எடுப்பவன் ஏமாளியாம். துடுப்பன் காத்திருப்பது என்று தீர்மானித்தான். குளம் காத்திருக்குமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

குளம் குட்டையானது. குட்டை சேறானது. ஒரு நாள் காலையில் கடைக்குட்டி சேற்றில் மூக்கை நுழைத்து, தண்ணீர் வராமல் முனகியது. அதன் தோல் வெடித்திருந்தது. அல்லி பதறிப்போனாள். யாரிடமும் கேட்கவில்லை. நேராகக் கரியம்மாவிடம் போனாள்.

கரியம்மா உதட்டைப் பிதுக்கினாள். ஓட்டிப் பார்த்தே குதிரையின் காலை நொண்டியாக்கிவிட்டார்கள். எருமை சேறு தேடிப் போய்விட்டது. கோவேறு கழுதையைப் புது வண்டியோடு முந்தாநாள் ஒரு முயல் குடும்பம் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருப்பது கூண்டில்லாத பழைய கட்டை வண்டியும் ஒரு சாதாரணக் கழுதையும்தான்.

"அக்கா, அஞ்சு குட்டியும் படுக்கலாமா? ஈரப் பாசியைப் பரப்ப இடம் இருக்கா? இப்பவே கிளம்ப முடியுமா?" என்று கேட்டாள் அல்லி.

"எல்லாம் முடியும். இத்தனை நாள் எத்தனையோ பேர் வந்து வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. இதை நீதான் முதல்ல கேக்குறே" என்றாள் கரியம்மா.

குட்டிகளைப் பாசியில் கிடத்தி, மேலே ஆவாரந்தழையைப் போட்டு மூடி, அல்லி அத்திமரத்தடி வழியாகவே வண்டியை விடச் சொன்னாள். கணவனைக் கூப்பிட்டாள். துடுப்பன் கழுதையைப் பார்த்தான். நண்பர்கள் முன்னால் அவனுக்கு மானம் போயிற்று.

"நீ முன்னாடி போ. இங்க முடிவாகப்போகுது. நல்ல வண்டியில வந்து உங்களைப் பாதி வழியிலேயே பிடிச்சிடறேன்" என்றான்.

அல்லி அவனை ஒரு முறை பார்த்தாள். சண்டை போட நேரமில்லை. "கிளம்பலாம்" என்று கழுதையிடம் சொன்னாள்.

அன்று உச்சிவேளையில் அத்திமரத்தடி ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தது. கோவேறு கழுதையே சிறந்தது! துடுப்பன் துள்ளிக்கொண்டு கரியம்மாவிடம் ஓடினான். கொட்டகையில் புது வண்டியும் இல்லை, கோவேறு கழுதையும் இல்லை. குளத்துக்கு ஓடினான். சேறு காய்ந்து பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. திரும்பவும் அத்திமரத்துக்கு ஓடி வந்தான்.

"உங்க வண்டி எதையாவது ஒரு நாளைக்குக் கொடுங்கண்ணே. என் பிள்ளைங்க முன்னாடியே கிளம்பிப் போயிட்டாங்க" என்று கெஞ்சினான்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்ககிட்ட ஏதுப்பா வண்டி? எனக்குக் கிளைக்குக் கிளை தாவினாப் போதும்" என்றான் கொப்பாண்டி. தடியப்பன் இந்தக் காட்டைத் தாண்டிப் போனதே இல்லையாம். நெளியனுக்கு வண்டியில் ஏறினாலே வாந்தி வருமாம். அதற்குள் ஒரு முள்ளம்பன்றி வண்டி விசாரிக்க வந்தது. மூவரும் ஆவலாக அதன் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

துடுப்பன் பொட்டலில் தனியாக நடந்தான். உள்ளங்கால் கொப்பளித்தது. நாக்கு வறண்டது. கட்டை வண்டியின் சக்கரத் தடம் கோணல்மாணலாக முன்னால் போய்க்கொண்டே இருந்தது. வழியில் குட்டிகள் யாராவது விழுந்து கிடப்பார்களோ என்று ஒவ்வொரு மேட்டிலும் பயந்து பயந்து பார்த்தான். மறுநாள் பிற்பகலில் ஏரிக்கரையில் போய் விழுந்தான்.

ஐந்து குட்டிகளும் தண்ணீரில் அமளி செய்துகொண்டிருந்தன. துடுப்பன் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்துவிட்டு விம்மி விம்மி அழுதான். அல்லி ஒரு மீனைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள். கடைக்குட்டி மட்டும் நீந்தி வந்து, கண்ணில் ஆசை மின்னக் கேட்டது.

"அப்பா, கடைசியா நீங்க எந்த வண்டியில வந்தீங்க?"

"நடந்துதான்டா வந்தேன்" என்றான் துடுப்பன்.

இருப்பதில் மிகச் சிறந்தது எது என்று பேசியே பொழுதைப் போக்குகிறவருக்குக் கடைசியில் போதுமானதுகூடக் கிடைக்காமல் போய்விடும்.