சிங்காரத்தின் ஏழு நற்சான்றுகள்

வேலை தெரியாதவர்கள் உலகத்தில் ஏராளம். ஆனால் வேலை தெரியாமலே மேலே மேலே போவதற்கு ஒரு தனி யோகம் வேண்டும். வெண்குன்ற நாட்டில் சிங்காரத்துக்கு அது இருந்தது. அவர் மந்திரி ஆபதுத்தாரணரின் மைத்துனர். யோகம் எங்கிருந்து வந்தது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு வருஷத்தில் ஏழு உத்தியோகம் பார்த்தார் மனிதர். மடப்பள்ளி, குதிரை லாயம், நந்தவனம், ஆயுதசாலை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வோர் இடத்தை விட்டுக் கிளம்பும்போதும் அங்கிருந்த அதிகாரியிடம் ஒரு நற்சான்று ஓலை வாங்கிக்கொள்வார். அது அந்த அரண்மனை வழக்கம். ஓலை நன்றாக இருந்தால்தான் அடுத்த இடத்தில் சேர்ப்பார்கள்.

ஒருநாள் காலை, ஏழு ஓலைகளையும் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு சபையில் வந்து நின்றார்.

"மகாராஜா, பட்டத்து யானையின் பாகன் பதவியை எனக்குத் தரவேண்டும்."

"அதற்குத்தான் இருளாண்டி இருக்கிறானே?" என்றார் மன்னர் வரகுணசிங்கம்.

மந்திரி குறுக்கே வந்தார். "அவனுக்கு இருபது வருஷமாக ஒரே வேலை, ஒரே யானை. வேறு என்ன தெரியும்? சிங்காரம் ஏழு துறை பார்த்தவர். ஓலைகளைப் படித்துப் பாருங்கள்."

மன்னர் படித்தார். 'மடப்பள்ளியின் மாணிக்கம்' என்றது ஒன்று. 'இவரைப் பிரிய மனமில்லாமல் குதிரைகளே கண்ணீர் விட்டன' என்றது இன்னொன்று. மன்னருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"இப்பேர்ப்பட்ட திறமைசாலிக்குப் பெரிய பதவி கிடைக்கச் செய்வேன். இது என் வாக்கு. இருளாண்டியைக் கூப்பிடுங்கள்."

இருளாண்டி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் செத்துப்போனது.

"சாமி, என் கையால கவளம் உருட்டிக் குடுத்தாத்தான் அது வாயைத் தொறக்கும். என்னைத் துரத்துனா பட்டினி கெடந்தே செத்துப்போகும். எனக்கும் வேற பொழைப்புத் தெரியாது" என்று அழுதான்.

அப்போது அவைப்புலவர் சோணாசலம் எழுந்தார். கவிதை சுமார்தான். வாய் மட்டும் கத்தி.

"மகாராஜா, எனக்கு ஒரு கவலை. இந்த மாணிக்கத்தை இழந்துவிட்டு அந்த ஏழு துறையும் எப்படித் தவிக்கின்றனவோ! யானைக்குக் கொடுப்பதற்கு முன்னால், பழைய இடத்தில் யாருக்காவது வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே."

மன்னருக்கு அது நியாயமாகப் பட்டது. ஓலை எழுதிய ஏழு அதிகாரிகளும் வந்து சேர்ந்தார்கள்.

"அவர் திறமைக்கு எங்கள் அடுப்பு ரொம்பச் சின்னது" என்று நழுவினார் மடப்பள்ளி அதிகாரி.

"குதிரைகள் இப்போதுதான் சாப்பிட ஆரம்பித்திருக்கின்றன" என்றார் லாயத்துக்காரர்.

ஆயுதசாலை அதிகாரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேவிட்டார். "என்னைச் சிறையில் போடுங்கள், மகாராஜா. இவரை மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள். வில் நாண்களையெல்லாம் அழுக்கு என்று துவைத்துக் காயப்போட்டவர் இவர்."

"பிறகு எதற்காக ஆஹா ஓஹோ என்று எழுதினீர்?" என்றார் மன்னர்.

"உள்ளதை எழுதினால் அடுத்த இடத்தில் எடுக்கமாட்டார்களே. மந்திரியின் மைத்துனரைத் துரத்தவும் முடியாது. புகழ்ந்தால்தான் போவார்."

வெட்கங்கெட்ட ஜென்மங்கள். தங்கள் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் கொட்டிவிட்டு, அதற்கு மாலையும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

மன்னர் கொதித்தார். மந்திரி அசரவே இல்லை. "மகாராஜா, சபையில் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். பெரிய பதவி கிடைத்தாக வேண்டும்."

"கிடைக்கட்டுமே" என்றார் சோணாசலம். "நம் எல்லைக்கோட்டைகள் ஐந்தைப் பிடித்துவைத்திருக்கும் கரும்பாறை அரசன் ஒரு தளபதியைத் தேடுகிறானாம். நம் ஆயுதசாலைவரை பார்த்தவர் என்றால் கொத்திக்கொண்டு போவான். ஓலைகள்தான் ஏழு இருக்கின்றனவே."

தளபதி என்றதும் சிங்காரத்துக்கு வாயெல்லாம் பல். அன்று மத்தியானமே கிளம்பிவிட்டார். அக்காள் புருஷனிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. இருளாண்டி யானையிடம் ஓடினான்.

நாற்பது நாள் போனது. கரும்பாறையிலிருந்து ஒரு தூதன் வந்தான். பாதி உடம்பாக இளைத்திருந்தான்.

"எங்கள் அரசர் சமாதானம் கேட்கிறார். ஐந்து கோட்டைகளையும் திருப்பித் தருகிறார். இனிமேல் எல்லைப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார். ஒரே ஒரு நிபந்தனை."

"என்ன அது?"

"சிங்காரத்தை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்."

மன்னர் சோணாசலத்தைப் பார்த்தார். சோணாசலம் கூரையைப் பார்த்தார். ஏழு அதிகாரிகளும் தரையைப் பார்த்தார்கள். மன்னர் பாகனைக் கூப்பிட்டார்.

"இருளாண்டி, யானையைச் சண்டைக்குத் தயார் செய்."