வாய்தா கேட்ட பெருச்சாளி

நாணல் அடர்ந்த ஒரு குளத்தின் மேல்கரையில் ஒரு மண்மேடு இருந்தது. அந்த மேட்டில் வளை தோண்டி, பூவாத்தா என்ற வெள்ளெலி தன் நான்கு குட்டிகளோடு குடியிருந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் அந்த மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது. அதற்காகவே இடம் தேடிப் பிடித்து, பல் தேயத் தேய மண்ணைப் பறித்து, நான்கு வாசல் வைத்து வளை கட்டியிருந்தது.

ஒருநாள் குட்டிகளோடு கதிர் பொறுக்கப் போய்விட்டுத் திரும்பியது. பார்த்தால், வளைக்குள் ஒரு பெருச்சாளி காலை நீட்டிப் படுத்திருக்கிறது!

“அண்ணே, இது எங்க வீடு!” என்றது வெள்ளெலி.

“யாரு சொன்னது? எங்க பாட்டன் தோண்டின வளை இது! உள்ளே இருக்கிற தினையும் அவரு சேர்த்து வெச்சதுதான்!”

பாட்டன் செத்து எத்தனை வருஷமோ, தினை மட்டும் போன மாதத்துத் தினை! வெள்ளெலிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ஆனால் பெருச்சாளியோ அதைப்போல ஆறு மடங்கு பெரியது. வெள்ளெலி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு குளக்கரைச் சேற்றோரம் ஒரு சின்னப் பொந்தில் ஒதுங்கியது. மறுநாளே நியாயம் கேட்டு இலுப்பை மரத்தடிக்குப் போனது.

அங்கேதான் அந்தக் காட்டின் மன்றம் கூடும். எட்டு நாளைக்கு ஒருமுறை கூடும். நடுவர், வயதான ஒரு பெண் காட்டெருமை. யார் என்ன சொன்னாலும் அசைபோட்டுக்கொண்டே கேட்கும். அவசரமாக ஒரு வார்த்தை பேசாது.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சியை யார் அழைத்து வருகிறாரோ அவரே சாட்சிக்குச் சாப்பாடு போட வேண்டும். வழக்கு முடிந்த பிறகு, தோற்றவர் அத்தனை சாப்பாட்டையும் கணக்குப் பார்த்து ஜெயித்தவருக்குத் திருப்பித் தர வேண்டும். கேட்பதற்கு நல்ல வழக்கமாகத்தான் இருக்கிறது. வழக்கு முடிந்தால்தானே!

வெள்ளெலிக்கு இரண்டு சாட்சிகள். வளை தோண்டும்போது மேலே கிளையில் உட்கார்ந்து பார்த்த மயில் ஒன்று. பக்கத்துப் புதரில் குடியிருக்கும் காடை மற்றொன்று. மயிலுக்கு ஒரு வேளைக்கு மூன்று பிடி தானியம் வேண்டும். காடைக்கு ஒரு பிடி போதும். வெள்ளெலியிடம் இருந்ததோ, மறுபடி ஓடி ஓடிப் பொறுக்கிய பதினைந்து பிடி சாமை. அறுவடை முடிந்துவிட்டது. இனி வயலில் பொறுக்க ஒன்றும் இல்லை.

முதல் நாள் மன்றம் கூடியது. பெருச்சாளியின் வக்கீல் ஓணான், தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தது.

“கனம் நடுவர் அவர்களே! எனக்குச் சட்டை உரியுது! உடம்பெல்லாம் எரிச்சல். ஒரு வாய்தா கொடுக்கணும்!”

“பாவம். சரி, எட்டு நாள் கழிச்சு வாங்க” என்றது காட்டெருமை.

மயிலும் காடையும் சாப்பிட்டுவிட்டுப் போயின. நான்கு பிடி காலி.

இரண்டாம் முறை, “எங்க சாட்சி உடும்பு, மாமனார் வீட்டு விருந்துக்குப் போயிட்டாரு!” என்றது ஓணான். வாய்தா கிடைத்தது. மூன்றாம் முறை, “அதே விருந்துல சாப்பிட்டு உடும்புக்கு வயித்துக்கோளாறு!” என்றது. அதற்கும் வாய்தா கிடைத்தது. ஒவ்வொரு முறையும் மயில் வந்தது, காடை வந்தது, நான்கு பிடி சாமை போனது.

மூன்றாம் வாய்தா முடிந்து திரும்பும் வழியில் பெருச்சாளி வெள்ளெலியை மறித்தது.

“ஏம்மா பூவாத்தா, இன்னும் எத்தனை பிடி வெச்சிருக்கே?”

“அது உங்களுக்கு எதுக்கு?”

“இல்ல, மூணு பிடிதான் இருக்கும்னு என் கணக்கு! இந்த வழக்குல நான் ஜெயிக்கவே வேண்டாம். இழுத்தாப் போதும். உன் சாமை தீர்ந்தா சாட்சி வராது. சாட்சி வரலேன்னா வழக்கு தானா விழுந்துடும்!”

“தோத்தா எல்லாத்தையும் நீங்கதானே திருப்பித் தரணும்?”

“தோக்கணுமே! அதுக்கு வழக்கு முடியணுமே!” என்று சிரித்துவிட்டு, பெருச்சாளி மேட்டுப் பக்கம் நடையைக் கட்டியது.

வெள்ளெலி பொந்துக்கு வந்தது. பொந்தின் தரை ஏற்கெனவே ஈரம் கசிந்தது. ஐப்பசி மழை தொடங்கினால் முதலில் முழுகுவது இந்தப் பொந்துதான். குட்டிகளுக்கு இன்னும் நீந்தத் தெரியாது. மழைக்கு முன்னால் மேட்டு வளை திரும்பக் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் குட்டிகள் இல்லை. மூலையில் மூன்று பிடி சாமை இருந்தது. குட்டிகளுக்குப் போடுவதா, மயிலுக்கு எடுத்து வைப்பதா? எட்டு நாளும் வெறும் கோரைக்கிழங்கை நறுக்கிப் போட்டே குட்டிகளைச் சமாளித்தது. அந்த மூன்று பிடியை மட்டும் தொடவில்லை.

நான்காம் முறை மன்றம் கூடியது. வானம் கறுத்துக் கிடந்தது. மயில் மூன்று பிடியையும் கொத்தித் தின்றது. வெள்ளெலியின் முகத்தைப் பார்த்த காடை, “எனக்கு இன்னைக்குப் பசியே இல்லக்கா” என்று பொய் சொன்னது.

ஓணான் எழுந்தது. தலை ஆடியது.

“கனம் நடுவர் அவர்களே! உடும்பு உடம்பு தேறிட்டாரு. ஆனா இன்னைக்கு நாள் நல்லா இல்லேன்னு சொல்லிட்டாரு. ஒரே ஒரு வாய்தா!”

காட்டெருமை தலையசைக்கப் போனது. அதற்குள் வெள்ளெலி நடுவில் வந்து நின்றது.

“அம்மா, நான் ஒண்ணு கேக்கணும்!”

“கேளு.”

“வாய்தா கொடுக்கறது உங்க இஷ்டம். வளை யாருதுன்னும் இன்னைக்கே நீங்க சொல்ல வேண்டாம். ஆனா இன்னைக்கு என் சாட்சி தின்ன சாப்பாட்டுக்கு இன்னைக்கே வழி சொல்லுங்க! என் சாட்சிங்க நாலு தடவை வந்தாங்க. ஒரு தடவைகூட யாரும் அவங்களைப் பேசச் சொல்லல. என்கிட்ட இனி ஒரு மணி சாமை இல்ல!”

“ஆட்சேபணை!” என்று கத்தியது ஓணான். “சாப்பாட்டுக் கணக்கு கடைசியிலதான்! காலங்காலமா அதுதான் வழக்கம்!”

“கடைசி வரைக்கும் நான் தாங்கினாத்தானே அந்தக் கடைசி? நான் விட்டுட்டுப் போனப்புறம் நீங்க யாருக்குத் தீர்ப்புச் சொல்லுவீங்க அம்மா?”

காட்டெருமை அசைபோடுவதை நிறுத்தியது. அந்த மன்றத்தில் அப்படி நடந்ததை யாரும் பார்த்ததில்லை.

“ஓணான் வக்கீலே! நாலு நாளும் வாய்தா கேட்டது யாரு?”

“நாங்கதான்... ஆனா காரணம் இருந்துச்சே!”

“காரணம் உங்களுது. செலவு மட்டும் அவளுதா? இந்தா கேட்டுக்குங்க. வீணான நாலு நாளுக்கும் சேர்த்துப் பதினைஞ்சு பிடி தானியம். இலுப்பை நிழல் அந்தக் கல்லைத் தொடறதுக்குள்ள பெருச்சாளி கொண்டாந்து இங்க கொட்டணும்!”

பெருச்சாளி துள்ளிக் குதித்தது. “இது என்னங்க அநியாயம்! நாளைக்கு வழக்குல நான் ஜெயிச்சா?”

“ஜெயிச்சா வளை உனக்கு. தானியம் அவளுக்குத்தான். வளை யாருதுன்னு விசாரிச்சாத்தான் தெரியும். இந்த நாலு நாளை யாரு வீணாக்கினதுன்னு விசாரிக்கவே வேண்டாம். அது இப்பவே தெரியுது!”

ஓணான் தலையைச் சொறிந்தது. “அப்படின்னா... தானியம் கட்டறதுக்கு ஒரு வாய்தா...”

மரத்தடி முழுக்கச் சிரித்தது. மயில்கூடத் தோகை குலுங்கச் சிரித்தது. காட்டெருமை மட்டும் சிரிக்கவில்லை.

“தானியம் வர்ற வரைக்கும் உங்க பக்கம் ஒருத்தரும் இங்க வாய் திறக்கக் கூடாது. வழக்கு நீங்க இல்லாமலே நடக்கும். தீர்ப்பும் வரும்!”

பெருச்சாளி ஒரே ஓட்டமாக ஓடியது. வாயில் கவ்விக் கவ்வி, மேட்டுக்கும் மரத்தடிக்குமாக மூச்சு வாங்க அலைந்தது. தின்னத் தின்னச் சுகமாக இருந்த தினை, சுமக்கும்போது அதற்குக் கனத்தது. நிழல் கல்லைத் தொடும்போது பதினைந்தாம் பிடி விழுந்தது.

காட்டெருமை கேட்டது: “சரி, வாய்தா வேணும்னீங்களே. இன்னைக்கு மாதிரியே அதுக்கும் அன்னன்னைக்கே கட்டணும். எப்போ வெச்சுக்கலாம்?”

“அடுத்த எட்டாம் நாள்...” என்று ஆரம்பித்தது ஓணான். பெருச்சாளி அதன் வாலைப் பிடித்து இழுத்தது.

“இப்பவே! இன்னைக்கே நடத்திடுங்க! நாள் ரொம்ப நல்லா இருக்கு! யோவ் உடும்பு, வெளிய வாய்யா!”

அடுத்த புதரிலிருந்து உடும்பு எழுந்து வந்தது. நான்கு நாளும் அது அங்கேதான் படுத்திருந்ததாம்.

அப்புறம் என்ன, வழக்கு ஒரு நாழிகைகூட நடக்கவில்லை. “வளைக்கு எத்தனை வாசல்?” என்று காட்டெருமை கேட்டது. உடும்பு விழித்தது. பெருச்சாளியைப் பார்த்தது. “ரெண்டு” என்றது. மயிலும் காடையும் தனித்தனியாக வந்து “நாலு” என்றன; நான்கும் எந்தெந்தப் பக்கம் என்றும் சொல்லின. காட்டெருமை தானே நடந்து போய் மேட்டைச் சுற்றிப் பார்த்தது. நான்கு வாசல் இருந்தது. வளை வெள்ளெலிக்கு என்று தீர்ப்பானது.

வெள்ளெலி நன்றி சொல்ல வாயெடுத்தது. காட்டெருமை தடுத்தது.

“நன்றி எல்லாம் வேண்டாம்மா. முதல் வாய்தா அன்னைக்கே நான் இதைச் சொல்லியிருக்கணும். வாய்தா கொடுக்கறதுல எனக்கு ஒரு செலவும் இல்ல பாரு, அதான் தாராளமா கொடுத்துட்டேன்.”

அன்று மாலையே வெள்ளெலி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் மேட்டு வளையில் சேர்த்தது. ஐந்தாம் நாள் மழை கொட்டியது. குளம் நிரம்பிக் கரையேறியது. சேற்றோரப் பொந்து இருந்த இடமே தெரியவில்லை. குட்டிகள் நான்கும் வளைக்குள் தினை கொறித்துக்கொண்டிருந்தன.

நியாயம் கேட்டு வந்தவரின் நாளை வீணாக்குகிறவன் அதன் விலையை அன்றைக்கே கொடுக்க வேண்டும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், இல்லாதவருக்கு அந்தக் கடைசி வந்து சேராது.