கரடி ராஜாவின் சுங்கமும் கீழே வைத்த புல்லரிசியும்

அந்தக் காலத்தில், பூச்சிக்கும் பறவைக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, ஓடைக்கு இந்தப் பக்கம் முழுக்க ஒரு கரடி ராஜாவின் ஆட்சி. ராஜாவை நேரில் பார்த்தவர்கள் குறைவு. அவர் குகைக்குள் படுத்திருப்பார், எப்போதாவது உறுமுவார். பார்க்கக் கிடைத்தவர்கள் மந்திரிகள்தான். அவர்கள் எந்நேரமும் கிடைப்பார்கள், பேசுவதற்கு ஒரு கல்லும் கேட்பதற்கு ஒரு கூட்டமும் இருந்தால் போதும்.

எறும்புகளின் புற்று இந்தக் கரையில் இருந்தது. புல்வெளி இருந்ததோ அந்தக் கரையில். அங்கே உதிரும் புல்லரிசியைப் பொறுக்கிச் சுமந்து வந்து சேர்ப்பதுதான் அவர்கள் பிழைப்பு. ஓடைக்குக் குறுக்கே எந்தக் காற்றிலோ சாய்ந்த ஒரு பனைமரம் கிடந்தது. அதன் மேல் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வருவார்கள். எறும்பு வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு: முன்னால் போகிறவள் என்ன செய்கிறாளோ அதைத்தான் பின்னால் வருகிற அத்தனை பேரும் செய்வார்கள். அவள் நின்றால் நிற்பார்கள். திரும்பினால் திரும்புவார்கள். யாரும் யாரையும் முந்த மாட்டார்கள்.

அந்த வரிசைக்கு முன்னால் நடப்பவள் பெயர் சுள்ளி. நடை வேகம், வாய் அதைவிட வேகம். தப்பு என்று பட்டால் கேட்காமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. வரிசையின் கடைசியில் யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டு வருபவள் அவளுடைய அக்கா நெடியாள்.

ஒருநாள் பட்டமரத்தில் மரங்கொத்தி தண்டோரா போட்டது. டக் டக் டக்! "இதனால் சகல ஜீவராசிகளுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று முதல் அக்கரையிலிருந்து எந்தச் சரக்கு வந்தாலும் அதில் பாதி சுங்கம்!"

பனைமரம் இக்கரையைத் தொடும் இடத்தில் சாவடி முளைத்தது. அங்கிருந்த கல்லின் மேல் ஓணான் வந்து உட்கார்ந்தார். அவர்தான் சுங்க மந்திரி.

"யாரும் பயப்பட வேண்டாம்," என்றார். "இந்தச் சுங்கத்தை அக்கரைதான் கட்டப்போகிறது. நமக்கு ஒரு நட்டமும் இல்லை."

"அக்கரையில புல்லு இருக்கு, மந்திரி ஐயா," என்றாள் சுள்ளி. "புல்லு எப்படிக் கட்டும்? சுமந்துக்கிட்டு வர்றது நாங்க. பாதி போறது எங்க வாயிலேருந்து."

"நல்ல கேள்வி," என்று ஓணான் தலையை ஆட்டினார். "வேறு யாருக்காவது கேள்வி உண்டா?"

பாதி போனால் பாதியாவது மிஞ்சுமே என்று தோன்றும். மிஞ்சாது. முழுப் புல்லரிசிதான் மழைக்காலம் முழுக்கப் புற்றில் கெடாமல் இருக்கும். முதல் சில நாள் சாவடி ஆட்கள் பாதி கடித்து எடுத்துக்கொண்டு விட்ட அரிசி, ஈரம் பட்டதும் பூசணம் பிடித்துவிட்டது. ஆகவே நெடியாள் ஒரு முடிவு எடுத்தாள். பொறுக்கிய புல்லரிசியை அக்கரையிலேயே ஒரு தட்டைக் கல்லுக்கு அடியில் ஒளித்து வைப்போம், இந்தச் சுங்கம் போகட்டும்.

"போகலைன்னா?" என்றாள் சுள்ளி.

"மழைக்கு முன்னாடி போகணும். புற்றுக்குள்ள புழுக்குஞ்சுங்க வாயைத் திறந்துக்கிட்டுக் கிடக்குதுங்க. பழைய அரிசியைச் சுரண்டித்தான் ஊட்டிக்கிட்டிருக்கோம். மழை வந்தா பனைமரத்துல கால் வைக்க முடியாது. அப்புறம் அதுங்களுக்கு ஊட்ட நம்ம கால்தான் மிச்சம்."

இதற்கிடையில் அக்கரைத் தேனீக்களுக்கும் கோபம் வந்தது. ஒவ்வோர் அடையிலும் பாதியைச் சாவடியில் பிடுங்கினால் யார்தான் பொறுப்பார்கள்? தேன் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். குகைக்குள் இருந்து உறுமல் கேட்க ஆரம்பித்தது. முதலில் காலையில் மட்டும், பிறகு நாள் முழுக்க.

அப்புறம் ஒரு நாள் மேற்கே மலை தெரியாமல் மேகம் இறங்கியது. எறும்புகளுக்கு வேறு வழி இல்லை. பாதி போனாலும் போகட்டும் என்று கல்லைப் புரட்டிப் புல்லரிசியை எடுத்துக்கொண்டு பனைமரத்தில் ஏறினார்கள். சுள்ளி சாவடியை எட்டும் நேரத்தில் மரங்கொத்தி கொத்தியது. டக் டக் டக்! "சுங்கம் நீக்கப்பட்டது! சகலரும் தாராளமாக வரலாம்!"

வரிசை முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியது. சுள்ளி வாயில் முழு அரிசி. நேரே நடந்திருந்தால் போதும். ஆனால் ஓணான் கல்லின் மேல் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்.

"சுங்கம் தன் வேலையைச் செவ்வனே செய்து முடித்துவிட்டது. அக்கரை பணிந்துவிட்டது. ஆகவே நீக்குகிறோம். போட்ட அன்றே நீக்குவதாகத்தான் திட்டம்."

சுள்ளிக்குத் தாங்கவில்லை. எறும்பால் வாயில் அரிசியை வைத்துக்கொண்டு வழக்காட முடியாது. அவள் அரிசியைக் கீழே வைத்தாள்.

அவள் பின்னால் வந்தவளும் கீழே வைத்தாள். அதற்குப் பின்னால் வந்தவளும் வைத்தாள். பனைமரம் நெடுக, அக்கரை வரைக்கும், ஒவ்வொருத்தியும் தன் அரிசியைக் கால் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

"யாரு பணிஞ்சாங்க, ஐயா?" என்றாள் சுள்ளி. "தேனீக்களா? அவங்க இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலையே."

"பணிந்ததால்தான் எட்டிப் பார்க்கவில்லை."

அப்போது அரண்மனையிலிருந்து மைனா பறந்து வந்து கல்லின் மறுபக்கம் உட்கார்ந்தாள். ராஜாவின் சார்பாகப் பேசுவது அவள் வேலை. "ஒரு சிறு திருத்தம். சுங்கம் நீக்கப்படவில்லை. நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது."

"மந்திரி ஐயா நீக்கிட்டோம்னு சொன்னாரே அம்மணி?"

ஓணான் தலையை ஆட்டினார். "ஆமாம். நிறுத்தி வைப்பதும் ஒருவகையில் நீக்குவதுதான்."

"அப்போ மறுபடியும் வருமா?"

"வரும் என்று யார் சொன்னது?" என்றாள் மைனா.

"வராதுன்னு சொல்றீங்களா?"

"அப்படியும் யாரும் சொல்லவில்லை."

மரங்கொத்தி அதையும் கொத்தி ஊருக்கு அறிவித்தது. அறிவித்து முடிப்பதற்குள் மைனா வேறொன்று சொன்னாள். எறும்புகள் படும் பாட்டைக் கண்டு ராஜாவின் மனம் இளகிவிட்டதாம். ராஜா குகையை விட்டு எப்போது வெளியே வந்தார், எங்கே கண்டார் என்று சுள்ளி கேட்டாள். மனக்கண்ணால் கண்டாராம். ஓணான் அதற்கும் தலையை ஆட்டினார்.

பின்னால் இருந்து யாரோ அவளை லேசாக இடித்தார்கள். சாணவண்டு. அது எந்த வரிசையிலும் சேராது, தன் உருண்டையைத் தள்ளிக்கொண்டு பனைமரத்தின் ஓரமாக வந்துவிட்டது.

"ஏன் தங்கச்சி தொண்டையைக் கிழிச்சுக்கிற? தேன் வரலை. ராஜாவுக்கு வயிறு காயுது. அவ்வளவுதான் விஷயம். ஓடையில இருக்கிற மீனுக்குக்கூடத் தெரியும்."

"எனக்கும் தெரியும் அண்ணே. அதை அவங்க வாயால சொல்லட்டும். ஏன் போச்சுன்னு தெரிஞ்சாத்தானே எப்போ திரும்பி வரும்னு நாம யோசிக்க முடியும்? இல்லேன்னா ஆயுசுக்கும் இந்தக் கல்லுகிட்ட வந்து காதை நீட்டிக்கிட்டு நிக்கணும்."

"நீ சொல்றது நியாயம்தான்," என்றது வண்டு. "நீ நியாயத்தைப் பாரு. நான் என் உருண்டையைப் பாக்கறேன்."

வண்டு கல்லைச் சுற்றிக்கொண்டு போனது. சுள்ளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைனா இப்போது புதிதாக ஒன்றை எடுத்துவிட்டிருந்தாள்.

"உண்மையைச் சொல்லப்போனால் புல்லரிசிக்குச் சுங்கம் என்று ஒன்று போடப்படவே இல்லை. சிலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள்."

"போடவே இல்லையா?" என்றாள் சுள்ளி. "அப்போ எங்க வாயிலேருந்து பாதியைக் கடிச்சு எடுத்தது யாரு?"

"அது நீங்கள் மனமுவந்து கொடுத்தது," என்றார் ஓணான். "ராஜா மிகவும் நெகிழ்ந்துபோனார்."

சுள்ளி கேட்டாள். அவர்கள் சொன்னார்கள். சொன்னதை மறுத்துக் கேட்டாள். அவர்கள் அதையும் ஒப்புக்கொண்டு அதற்கு மேல் ஒன்று சொன்னார்கள். அவளுக்குக் கால் வலித்தது. நின்ற இடத்தில் நின்றுகொண்டு இவ்வளவு களைப்பு வரும் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது. புல்வெளிக்கும் புற்றுக்கும் நாளெல்லாம் நடந்தபோதுகூட இப்படிக் களைத்ததில்லை.

சாணவண்டு வெறும் கையோடு திரும்பி வந்தது. "என்ன தங்கச்சி, இன்னுமா? நான் வீட்டுல போய் இறக்கிட்டே வந்துட்டேன். முழு உருண்டை. ஒருத்தரும் தொடலை, ஒருத்தரும் கேக்கலை. சாவடியில ஆளே கிடையாது. எல்லாரும் இங்கதான் பேசிக்கிட்டிருக்காங்க."

சுள்ளி அப்போதுதான் சாவடியைப் பார்த்தாள். திறந்து கிடந்தது. எவ்வளவு நேரமாகத் திறந்து கிடந்ததோ.

அந்த நொடியில் முதல் துளி விழுந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பனைமரத்தின் மேல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை தன் இனம் முழுக்க வெறும் வாயோடு நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொருத்தி கால் பக்கத்திலும் ஒரு புல்லரிசி. இரண்டாவது துளி விழுந்தது. சுள்ளி கீழே வைத்த அரிசிதான் முதலில் உருண்டது, பனைமரத்தின் வளைவில் ஒரு கணம் தயங்கியது, ஓடைக்குள் போனது.

"எடுங்க!" என்று கத்தினாள். "எல்லாரும் எடுத்துக்கிட்டு நடங்க!"

யாருக்கும் கேட்கவில்லை. முன்னால் நிற்பவளாகத் தூக்கிக் காட்ட அவளிடம் அரிசியும் இல்லை. மழை இரைந்தது. அதற்கு மேல் மரங்கொத்தி வேறு, சுங்கம் இருந்ததா இல்லையா என்பது பற்றி ஏதோ ஒரு புது விளக்கத்தைக் கொத்திக்கொண்டிருந்தது.

சுள்ளி வரிசைக்கு எதிராக ஓடினாள். எந்த எறும்பும் அதுவரை செய்யாத காரியம் அது. முதலில் நின்றவளின் முகத்தோடு தன் முகத்தை வைத்தாள், மீசையால் அவள் வாயைத் தொட்டாள், வாய் காலி, "தூக்கு, நட" என்றாள். அவள் தூக்கினாள். அடுத்தவளிடம் போனாள். முகத்தோடு முகம், வாயைத் தொட்டுப் பார்த்தாள். சிலருடைய கால் பக்கத்தில் அரிசி இருந்தது. சிலருக்கு ஈரம் மட்டும்தான் இருந்தது. அவர்களிடமும் நடக்கத்தான் சொன்னாள்.

அக்கரைப் பக்கம் நெடியாள் நின்றிருந்தாள். அவளும் வரிசையின் வழக்கப்படி கீழே வைத்தவள்தான். ஆனால் தன் அரிசியின் மேல் உடம்பைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தாள். பின்னால் தட்டைக் கல் இருந்த இடத்தில் இப்போது ஓடை ஓடிக்கொண்டிருந்தது.

"காரணம் கிடைச்சுதா?" என்றாள் நெடியாள்.

"கிடைச்சுது அக்கா. நிறைய."

நெடியாள் தன் அரிசியின் மேலிருந்து எழுந்தாள். அரிசியை எடுத்துத் தங்கையின் வாயில் கொடுத்துவிட்டு, அவளை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தாள்.

கரை சேர்ந்தது கொஞ்சம்தான். அந்த மழைக்காலம் முழுக்க அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் ஓட்டினார்கள். புழுக்குஞ்சுகளில் எல்லாமே எறும்பாகவில்லை. புற்றுக்குள் யாரும் சுள்ளியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். திட்டாததற்கு என்ன பதில் சொல்வது?

மழை விட்டது. பனைமரம் காய்ந்தது. மறுபடியும் வரிசை கிளம்பியது. இப்போதும் சுள்ளிதான் முன்னால். அக்கரையிலிருந்து முழு அரிசியோடு அவள் இறங்கும்போது பட்டமரத்தில் சத்தம் கேட்டது. டக் டக் டக்!

"இதனால் சகல ஜீவராசிகளுக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஓடையில் போன புல்லரிசி மழையினால்தான் போனது. சுங்கத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை!"

கல்லின் மேல் ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மழைக்காலம் முழுக்க அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தாராம், இப்போது யாரும் எதுவும் கேட்காதபோதும் தலை நிற்பதில்லை.

சுள்ளி நின்றாள். வரிசை முழுக்க நின்றது. கேட்க வேண்டிய கேள்வி அவளுக்குத் தெரியும். அதைக் கேட்டால் ஓணான் என்ன சொல்வார் என்பதும் தெரியும், அதற்கு எப்படி மடக்குவது என்பதும் தெரியும். வாயில் இருந்த அரிசியை இறுகக் கடித்துக்கொண்டாள்.

எதிரே புற்றிலிருந்து புல்வெளிக்குப் போகும் எறும்பு ஒருத்தி வந்தாள். மந்திரி பக்கமே அவள் திரும்பவில்லை. சுள்ளியின் முகத்தோடு முகம் வைத்தாள், வாயில் இருந்ததை மீசையால் தொட்டுப் பார்த்தாள். முழுசாக இருந்தது. அப்படியானால் இன்றைக்குச் சாவடியில் யாரும் கடிக்கவில்லை. அதற்கு மேல் அவளுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. பனைமரத்தில் ஏறிப் போய்விட்டாள். சுள்ளியும் கல்லைக் கடந்து புற்றைப் பார்த்து நடந்தாள்.

அன்று முதல்தான் எறும்புகள் வழியில் எதிர்ப்படும் ஒவ்வோர் எறும்பின் முன்னாலும் ஒரு கணம் நின்று, முகத்தோடு முகம் வைத்து, வாயைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டு போகின்றன. சுமந்து வரும் அரிசியை மட்டும் எவர் பேச்சைக் கேட்டும் கீழே வைப்பதில்லை.