கரடி வீட்டுக் கட்டளையும் ஐந்தாவது வளையும்

வேலப்பாறைக் காட்டில் கருத்தாயி என்றொரு கரடி இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஏழு மழைக்காலம் ஆயிற்று. குட்டிகள் இரண்டும் வளர்ந்து அடுத்த மலைக்குப் போனவைதான், திரும்பவில்லை. குகையோ பெரிசு. இருப்பதோ ஒருத்தி. பேச்சுத் துணைக்கு அவளுடைய குறட்டை மட்டும்தான்!

அவளுக்கென்று மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அதுதான் கரடி வீட்டுக் கட்டளை.

அது என்ன கட்டளை? அவள் மாமனாரின் தாத்தா காலத்தில் காடு தீப்பிடித்தது. ஓட வழியில்லாத அந்தக் கிழக்கரடி, பாறை உச்சியில் யாரோ நட்டிருந்த வேலைக் கட்டிக்கொண்டு அழுதது. "முருகா! என் குடும்பத்தைக் காப்பாத்து! மாசாமாசம் கார்த்திகை அன்னிக்கு அஞ்சு வீட்டுக்குத் தேனும் கிழங்கும் கொடுக்கிறேன்!" என்று நேர்ந்துகொண்டது.

மழை கொட்டியது. தீ அணைந்தது. கரடி சொன்ன சொல் தவறவில்லை. தானே ஐந்து வீட்டைப் பொறுக்கியது. மான் வீடு, மயில் வீடு, குரங்கு வீடு, ஆமை வீடு, முயல் வீடு. வேலுக்குக் கீழே பாறையில் நகத்தால் ஐந்து கீறல் போட்டது. கூடவே இரண்டு சட்டமும் வைத்தது.

கேட்டு வருகிறவருக்குக் கட்டளையில் இடமில்லை. இது ஒன்று. கொடுக்கிறவர், வாங்குகிறவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவருக்குக் கூச்சம், இவருக்குக் கர்வம். வாசலில் வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இது இரண்டு.

கருத்தாயி இரண்டையும் இம்மி பிசகாமல் காத்தாள்.

ஒரு கோடையில் காலை விந்தி விந்தி ஒரு முள்ளம்பன்றி வந்தான். வேலுக்குக் கீழே நின்றான்.

"ஆத்தா, பசிக்குது. ஒரு கிழங்கு கொடுங்க."

கருத்தாயி பாறையைக் காட்டினாள். "அஞ்சு கீறல் இருக்கு, பாத்தியா? அதுல உன் வீடு இல்லையே!"

"ஆறாவதா ஒண்ணு கீறிக்கக் கூடாதா, ஆத்தா?"

"அடப்பாவி! பெரியவர் போட்ட கீறல் மேலயா கை வைக்கச் சொல்றே? போ, போ!"

அவன் விந்தி விந்தித் திரும்பிப் போனான். பேர் என்ன, ஊர் என்ன என்று அவளும் கேட்கவில்லை.

காலம் ஓடியது. மயில்கள் அடிவாரத்து வயலில் நெல் தின்று கொழுத்தன. குரங்குகளுக்கு மலைப்படி ஏறுகிற பக்தர்கள் பொரியும் பழமும் போட்டார்கள். மான் கூட்டம் ஆற்றோரத்துப் புல்லோடு போய்விட்டது. ஆமைக்குத் தூங்கவே நேரம் போதவில்லை. நாலு வாசலிலும் போன மாதக் கிழங்கு முளைவிட்டுக் கிடக்கும். கருத்தாயி அதை ஓரமாகத் தள்ளிவிட்டு இந்த மாதக் கிழங்கை வைப்பாள். கட்டளை கட்டளைதானே!

ஐந்தாவது வாசலுக்குக் கடைசியாகத்தான் போவாள். அது செவத்தான் முயலின் வளை. அங்கே மட்டும்தான் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்.

"ஆத்தா, வந்தீங்களா?"

"வந்தேன், செவத்தா," என்பாள் கருத்தாயி, முதுகைத் திருப்பிக்கொண்டே. "கிழங்கு நல்ல மாவுக்கிழங்கு. தேன்தான் கொஞ்சம்."

"அது கெடக்கட்டும். நீங்க சாப்பிட்டீங்களா?"

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் கார்த்திகைக்குக் கார்த்திகை இருபத்தேழு நாள் எண்ணிக்கொண்டு கிடந்தாள். அந்தக் காட்டில் அவளைப் பார்த்து அப்படிக் கேட்க வேறு நாதியில்லை.

"ஆமா, உன் குரல் என்னப்பா கரகரன்னு இருக்கு?"

"சளி, ஆத்தா!"

"ரெண்டு வருஷமாவா?"

"பொல்லாத சளி, ஆத்தா!"

கருத்தாயி விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பு குகை வரைக்கும் கூட வரும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கிழங்குக்கு ஆழமாய்த் தோண்டவேண்டி வந்தது. கருத்தாயி ஐந்து வீட்டுக்கும் எடுத்து வைத்துவிட்டு, மிச்சமிருந்த வேரைத் தான் மென்றாள். ஐந்து பொட்டலத்தையும் தேக்கிலையில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். மயில் வீட்டு வாசலில் கிழவன் மயில் தோகையைக் கோதிக்கொண்டிருந்தான்.

"என்ன கருத்தாயக்கா! செத்துப்போன முயலுக்கு மாசாமாசம் படையல் போடுறீங்களாமே! ஊரே சிரிக்குது!"

"யாரு செத்தா? போன மாசம்கூட எங்கிட்டப் பேசினானே!"

"செவத்தான் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு, அக்கா! அந்த வளையில உக்காந்து தின்னு கொழுக்கிறவன் ஒரு நொண்டி முள்ளம்பன்றி!"

கருத்தாயிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மற்ற பொட்டலங்களை அந்தந்த வாசலில் போட்டுவிட்டு, கடைசிப் பொட்டலத்தோடு ஐந்தாவது வளைக்குப் போனாள். "ஆத்தா, வந்தீங்களா?" என்று குரல் கேட்டது.

"வெளியே வாடா!"

உள்ளே முள் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் வந்தான். தின்று கொழுத்தவனாகத் தெரியவில்லை. முள்ளில் பாதி உதிர்ந்திருந்தது.

"நீயா!"

"நான்தான், ஆத்தா. செவத்தான் போனப்புறம் வளை காலியாக் கெடந்துச்சு. மழைக்கு ஒதுங்கினேன். மறுநாள் வாசல்ல கிழங்கு வந்து உக்காந்துச்சு."

"பொய் சொல்லி வாங்கித் தின்னிருக்கியே! சாமி சொத்துடா இது!"

"நெசத்தைச் சொல்லித்தானே முதல்ல கேட்டேன், ஆத்தா. பேர் இல்லைன்னீங்க. அதான் பேர் இருந்த எடத்துல போயி உக்காந்துக்கிட்டேன்."

 பதில் இல்லாதபோதுதானே கோபம் இன்னும் ஏறும்! கருத்தாயி கொண்டுவந்த பொட்டலத்தைக் கொடுக்காமலே வெடுக்கென்று திரும்பி நடந்தாள்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆத்தா... இன்னிக்கு நீங்க சாப்பிட்டீங்களா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பாறைக்கு ஏறினாள். பொட்டலத்தை வேலுக்கு முன்னால் வைத்தாள். "கட்டளையைக் காப்பாத்திட்டேன், முருகா!" என்றாள். வேல் என்ன சொல்லும்? எறும்புதான் வந்தது.

அந்த இருபத்தேழு நாளும் நகரவே மாட்டேன் என்றது. அடுத்த கார்த்திகைக்கு நாலு பொட்டலம் போதும் என்றுதான் உட்கார்ந்தாள். கை பழக்கத்தில் ஐந்து கட்டிவிட்டது. ஐந்தையும் தூக்கிக்கொண்டு முதலில் ஐந்தாவது வளைக்கே போனாள்.

சத்தமில்லை. தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். ஒரே ஒரு முள் கிடந்தது.

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? இரண்டு வருஷம் பேசியவனின் பேர் தெரியவில்லை! தெரிந்தது செத்த முயலின் பேர் ஒன்றுதான். "செவத்தா! செவத்தா!" என்று அதையே சொல்லிக் காடு முழுக்கக் கத்தினாள். மலை அதையே திருப்பிக் கத்தியது. வேறு யாரும் பதில் சொல்லவில்லை.

'பொய்தான் சொன்னான். சரி. ஆனா சாப்பிட்டீங்களான்னு கேட்டானே, அதுவுமா பொய்?'

கருத்தாயி நாலு வாசலுக்கும் போனாள். கொடுக்க அல்ல, எடுக்க. முளைவிட்டுக் கிடந்த கிழங்கையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தாள். வேலுக்குக் கீழே குவித்தாள். முதுகைக் காட்டாமல், வருகிற வழியைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"பசிச்சவங்க யாரானாலும் வாங்க!"

யாரும் வரவில்லை. மூன்று தலைமுறை நாலு தலைமுறையாக 'உன் வீடு இல்லையே' என்று துரத்திவிட்ட இடத்துக்கு யார் வருவார்கள்? அன்றைக்கும் வரவில்லை. அடுத்த கார்த்திகைக்கும் வரவில்லை. அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

மூன்றாவது கார்த்திகையன்று புதர் ஓரத்தில் ஒரு கீரி நின்றாள். வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது.

"நான் ஒண்ணும் கேக்க வரலை. சும்மா இந்தப் பக்கமாப் போனேன். பாறையில என் வீடுதான் இல்லையே!"

கருத்தாயி நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

"சாப்பிட்டியா, தாயி?"

கீரி கிழங்குக் குவியலைப் பார்த்தாள். பிறகு மெல்ல வந்து உட்கார்ந்தாள். கருத்தாயி ஒரு கிழங்கை உடைத்துப் பாதியை அவளுக்குக் கொடுத்து, மீதியைத் தான் தின்றாள். வெகுநாளைக்குப் பிறகு கிழங்கு இனித்தது.

"உன் பேரென்ன, தாயி?"

கீரி மெல்லுவதை நிறுத்தினாள். "பேரு எதுக்கு? பாறையில பாக்கவா?"

"இல்லம்மா. ஒரு நாள் நீ வராமப் போயிட்டா, கூப்பிடணுமில்ல."

முள்ளம்பன்றி திரும்பி வரவே இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு கார்த்திகைக்கும் ஒரு பொட்டலம் ஐந்தாவது வளைக்குப் போகும். வைத்துவிட்டு, வளைக்குள் பார்த்து, "சாப்பிட்டியாப்பா?" என்று ஒரு குரல் கேட்டுவிட்டுத்தான் கருத்தாயி வருவாள்.

பேரைப் பார்த்து இடுகிறவர் கடைசியில் தனியாகத்தான் உண்ணவேண்டும். பசியைப் பார்த்து இடுகிறவருக்குத்தான் பக்கத்தில் உட்கார ஆள் இருக்கும்.