பதினேழாம் தாள்

முதலில் குரல்தான் வந்தது. “தவசி... தவசி... தவசி...” மூன்று தடவை. பதில் இல்லை.

கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து கேஸ் கட்டு தைத்துக்கொண்டிருந்த பொன்னுரங்கத்தின் ஊசி, குத்திய தாளிலேயே நின்றது.

டவாலி கதவுக்கு வெளியே தலையை நீட்டினார். “என்ன ரங்கம், உங்க ஆளு இன்னிக்கும் வரலையா? சீட்டாடின கேஸுக்கே இத்தனை பந்தாவா?”

“அவன் செத்து எட்டு மாசம் ஆச்சுண்ணே. ஜெயில்ல.”

டவாலி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் வக்கீல் மெஹருன்னிசா வெளியே வந்தார்.

“இறப்புச் சான்றிதழைக் கொடுத்துட்டேன். இனிமே கூப்பிட மாட்டாங்க” என்று சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்தார். பொன்னுரங்கத்தைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் ஒன்பது வருஷக் குமாஸ்தா வேலையில் சட்டம் என்று பொன்னுரங்கம் கற்றதெல்லாம் அவரிடம்தான்.

“மேடம், ஒண்ணு கேட்கணும்.”

“காலையிலேர்ந்து அந்தப் பையைத் தடவிக்கிட்டே இருக்கீங்க. என்ன, பூனைக்குட்டியா வச்சிருக்கீங்க? எடுங்க.”

சட்டக் கல்லூரி விண்ணப்பம். அன்று ஐந்து மணி வரைதான் வாங்குவார்கள். பெயர், வயது, விலாசம் எல்லாம் எழுதியிருந்தது. பட்டப்படிப்பு மதிப்பெண் கட்டம் மட்டும் காலி.

“நாற்பத்தாறு சதவீதம் மேடம். மனு போட மட்டும் தகுதி. இடம் கிடைச்சா வேலையை விடணும். அதைக்கூடப் பார்த்துக்கலாம். இந்த மார்க்கை வச்சுக்கிட்டு நான் கறுப்புக் கோட்டு போட்டு, என்னால ஒருத்தன் தலை உருண்டா?”

மெஹருன்னிசா தன் பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

“தவசியோட கொலைக் கேஸ். பதினேழாம் தாளைப் படிங்க.”

பொன்னுரங்கம் கட்டைப் பிரிக்காமலே சொன்னார்.

“கவர்மென்ட் ஆஸ்பத்திரிச் சீட்டு. தேள்கடி. ராத்திரி ஒன்பது பத்துக்கு ஊசி போட்டிருக்கு.”

“கொலை?”

“ஒன்பது மணிக்கு. முப்பது கிலோமீட்டர் தள்ளி, செங்கல் சூளையில.”

“ஆஸ்பத்திரியில இருந்தேம்மான்னு என்கிட்ட அவன் சொன்னான். எல்லாரும் சொல்றதுதானேன்னு விட்டுட்டேன். அவன் பொண்டாட்டி கொண்டுவந்து கொட்டின காகிதத்தை நான் படிக்கவே இல்லை. ஆயுள் தண்டனை ஆச்சு. அப்பீலுக்குக் கட்டைப் பிரிச்சப்பதான் இது கண்ணுல பட்டுது. அதுக்குள்ள அவன் போயிட்டான்.” பிரிக்காத கட்டைப் பார்த்தார். “நீங்க எப்ப பார்த்தீங்க?”

பொன்னுரங்கம் கையிலிருந்த நூலைப் பார்த்தார்.

“தைக்கும்போதே.”

“எப்ப தைச்சீங்க?”

“விசாரணைக்கு முந்தின வாரம்.”

“ஏன் சொல்லலை அண்ணே?”

“நீங்க மெடல் வாங்கினவங்க. படிக்காமலா இருப்பீங்கன்னு... நாற்பத்தாறு மார்க் வாங்கினவன் போய் உங்களுக்கு...”

மெஹருன்னிசா திட்டவில்லை. கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். உள்ளே அவருடைய அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள். எழுந்து நடந்தார்.

“மேடம், போடட்டுமா வேண்டாமான்னு சொல்லவே இல்லையே.”

கதவில் கை வைத்தபடி அவர் திரும்பினார்.

“நான் என் மெடலைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்க உங்க மார்க்கைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. அவன் கூண்டுல நின்னுக்கிட்டே இருந்தான் அண்ணே.”

கதவு சாத்திக்கொண்டது.

பொன்னுரங்கம் பேனாவை எடுத்து, காலிக் கட்டத்தில் நாற்பத்தாறு என்று எழுதினார். விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மணி மூன்றுதான் ஆகியிருந்தது.

குத்தியபடி நின்ற தாளிலிருந்து ஊசியை உருவினார். தாளை முதல் வரியிலிருந்து படித்தார். படித்து முடித்துத் தைத்தார்.