கையை விடாத ரயில்

குருவைத் தேடி வந்த சீடனுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. குருவுக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. அந்த வட்டாரத்தில் சின்னப் பெண்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிற கோச்சுகள் பெரும்பாலும் எஸ்தரிடம் தொழில் படித்தவர்கள். ஏகாம்பரமும் அப்படித்தான். வயதில் சின்னவள் என்பதால் அவள் அவனை அண்ணா என்பாள். அவன் அவளை மேடம் என்பான். அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே ஒருத்தனைக் கிழித்துத் தொங்கவிட அவளால் முடியும் என்பது வடசென்னைக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் கிழிக்கப்போவது தான்தான் என்ற முடிவோடு ஏகாம்பரம் கிளம்பி வந்தான்.

வரும் வழியில் ஒரு ஆட்டோக்காரனோடு சண்டை. பெட்ரோல் பங்க்கில் இன்னொரு சண்டை. இரண்டும் அவனுக்குப் பத்தவில்லை. வண்டிக்கு ஸ்டாண்டு போடக்கூடப் பொறுமையில்லாமல் ரயில்வே சுவரில் சாய்த்துவிட்டு மைதானத்துக்குள் நுழைந்தான்.

எஸ்தர் தரையில் உட்கார்ந்து பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் அவளுடைய டீம் பெண்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஏகாம்பரம் பையிலிருந்து கோல்கீப்பர் கிளவுஸ் ஒரு ஜோடியை எடுத்து அவள் முன்னால் விட்டெறிந்தான். சின்னப் பிள்ளையின் கிளவுஸ்.

"இன்னாண்ணா இது?"

"வினோலியாவோடது. புடுங்கிட்டேன். அந்தப் பொண்ணு இனிமே என் டீம்ல கெடையாது. வேற யார் டீம்லயும் இருக்கக்கூடாது. நீங்க ஒரு வார்த்த சொல்லணும் மேடம். அதுக்குத்தான் வந்தேன்."

எஸ்தர் வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை அந்தப் பக்கத்தில் எந்தக் கோச்சும் சேர்க்கமாட்டான். ஏழாவது படிக்கிற பெண்ணுக்கு அதோடு கால்பந்து முடிந்தது. இது ஏகாம்பரத்துக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கேட்டான், பாவி.

"இன்னா பண்ணா?"

"துரோகம் பண்ணா."

எஸ்தர் பம்பின் ஊசியை எச்சிலில் நனைத்து அடுத்த பந்தில் செருகினாள். "ஏழாங்கிளாசுல துரோகமா? சொல்லு."

"நேத்து பைனலு. நீங்களும்தான் வந்திருந்தீங்க. கடைசி கார்னர்ல கோல் வாங்குனோமே, அது இன்னான்னு பாத்தீங்களா? ரயிலு மேடம்! என் ரயிலு! நான் பெத்து வளத்த ரயில வெச்சே என்னை அடிச்சுட்டான் அந்தத் தாமோதரன்!"

ரயில் என்பது கார்னருக்காக, அதாவது மைதான மூலையிலிருந்து அடிக்கிற பந்துக்காக, ஏகாம்பரம் கண்டுபிடித்த வித்தை. கோலுக்கு முன்னால் நாலு பெண்கள், ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். கார்னர் அடிக்கிறவள் கையைத் தூக்கியதும் ரயில் கிளம்பும். பாதி வழியில் கடைசிப் பெட்டி மட்டும் கையை விட்டுவிட்டு நின்றுவிடும். கீப்பர் ஓடுகிற ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்க, பந்து அந்தக் கழன்ற பெட்டியின் காலுக்கு வரும். இதைப் பைனலில்தான் இறக்குவது என்று அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். கடைசியில் அவன் டீமுக்கு நேற்று ஒரு கார்னர்கூடக் கிடைக்கவில்லை. வயிற்றெரிச்சல் அதிலும் கொஞ்சம் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை நீதானே அதைச் சொல்லிக்குடுத்த?" என்றாள் எஸ்தர். "தாமோதரன் ரெண்டாவது பொட்டி. நாந்தான் இஞ்சின்."

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோச்சுகள் எல்லாம் இதே மைதானத்தில் கூடுவார்கள். முறை வைத்து ஒவ்வொருவரும் தன் பயிற்சி ஒன்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மற்ற கோச்சுகள் அன்றைக்குப் பிள்ளைகளாகி, தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஏற்பாடு எஸ்தருடையது. அதற்கு அவள் போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று. கொண்டுவந்ததை முழுசாக இறக்கி வைத்துவிட்டுப் போகணும். போன தடவை ஏகாம்பரத்தின் முறை. கைவசம் வேறு சரக்கு இல்லாததால் அரைமனசோடு ரயிலைக் கொண்டுவந்திருந்தான்.

"சொல்லிக்குடுத்தேன். இல்லன்னு சொல்லலியே. ஆனா கைய விடுறத நான் சொல்லவே இல்ல மேடம்!"

காற்றடிக்கிற சத்தம் நின்றது.

கோபத்தில் தன் குட்டைத் தானே உடைத்துக்கொண்டது ஏகாம்பரத்துக்கு உறைக்கவில்லை. மேலே மேலே பேசிக்கொண்டே போனான்.

"வரிசையா நிக்கணும், தோளப் புடிக்கணும், ஓடணும். அவ்ளோதான் சொன்னேன். கடைசிப் பொட்டி கழலுது பாருங்க, அது நம்ம சரக்கு. அத எதுக்கு ஊருக்கெல்லாம் வாரி வுடணும்? என் பொண்ணுங்களத் தவிர ஒருத்தருக்கும் அது தெரியாது. அப்புறம் எப்புடி தாமோதரன் கைக்குப் போச்சு? வினோலியாவோட அத்த பொண்ணு அவன் டீம்ல ஆடுது. ரெண்டும் ஒரே வீட்ல மேல கீழ குடியிருக்குதுங்க. இதுக்கு மேல இன்னா வேணும்?"

"வினோலியா இன்னா சொல்றா?"

"அழுவுறா. 'கோச், அவங்க கைய விடல, கைய விடல'ன்னு ஏதோ ஒளர்றா. மாட்டிக்கினா இப்புடித்தான் எதையாவது ஒளறத் தோணும்."

"கோல் விழுந்தப்ப நீ எங்க இருந்த?"

"கோட்டு ஓரமா. அவனுங்க ரயிலு நிக்க வெச்சதப் பாத்ததுமே எனக்கு உச்சிக்கு ஏறிப்போச்சு. தாமோதரன் சட்டையப் புடிக்கப் பாஞ்சேன். அதுக்குள்ள கோல் கோல்னு கத்துறானுங்க."

"பந்து எந்தப் பக்கமா போச்சு?"

"எந்தப் பக்கம் போனா இன்னா மேடம்? ரயிலுதானே!"

எஸ்தர் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வந்தால் அவள் கத்தமாட்டாள். குரலை இறக்கிவிடுவாள். அந்தக் குரலைக் கேட்பதற்கு இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம்.

"அந்த ரயிலு உனக்கு எங்கேர்ந்துண்ணா கெடச்சுது?"

"இது இன்னா கேள்வி? மழ பேஞ்சு கிரவுண்டுல தண்ணி நின்ன அன்னிக்கு, பிராக்டீஸ் இல்லன்னு பொண்ணுங்க ரயிலு வெளாடிக்கினு இருந்துச்சுங்க. இந்த வினோலியாதான் கடைசி. ஓடும்போது வேணும்னே கைய விட்டுட்டு நின்னுக்கினு சிரிக்கும். மத்ததுங்க திட்டும். நான் பாத்துக்கினே இருந்தேன். டக்குனு பத்திக்கிச்சு."

எஸ்தர் பம்பைக் கீழே வைத்தாள். கிளவுஸை எடுத்து மண்ணைத் தட்டி அவனிடம் நீட்டினாள்.

"போடு."

"நானா?"

"போட்டுக்கினு கோல்ல போயி நில்லு."

"மேடம், நான் எவ்ளோ வவுறு எரிஞ்சு வந்து நிக்கிறேன், நீங்க வெளாட்டு..."

"நில்லுண்ணா."

நின்றான். கிளவுஸுக்குள் பாதி விரல்தான் போனது. மீதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. எஸ்தர் விசில் ஊதித் தன் பெண்களைக் கூப்பிட்டாள்.

"நேத்து எல்லாரும் கோலுக்குப் பின்னாடிதானே உக்காந்து பாத்தீங்க? தாமோதரன் சார் டீம் போட்ட கோல இவருக்குப் போட்டுக் காட்டுங்க. எப்புடிப் பாத்தீங்களோ அப்புடியே."

"போடட்டும்" என்றான் ஏகாம்பரம். "நானே செஞ்சது. எனக்கே கோலா?"

கோலுக்கு முன்னால் நாலு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏகாம்பரம் குனிந்து தயாரானான். இதில் என்ன இருக்கிறது, கடைசிப் பெட்டி மேல் கண்ணை வைத்தால் போதும். பைனலுக்கு முன்னால் வினோலியாவுக்கு அவன் ஓதி ஓதி உருவேற்றியிருந்ததும் இதைத்தான். எவன் ரயில் விட்டாலும் சரி, கடைசிப் பொட்டிய விட்டுக் கண்ண எடுக்காத.

கார்னரில் நின்றவள் கையைத் தூக்கினாள். ரயில் கிளம்பியது. கடைசிப் பெண்ணின் கைகளையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது விடுவாள், இதோ விடுவாள் என்று காத்திருந்தான். அவள் விடவில்லை. நாலு பெட்டியும் ஒட்டினாற்போலவே அவன் மூக்குக்கு முன்னால் தடதடவென்று ஓடியது. நாலு தலையைத் தவிர அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் வலை அசைந்தது.

திரும்பிப் பார்த்தான். பந்து உள்ளே கிடந்தது. கார்னரிலிருந்து நேராக, ஒருத்தர் காலிலும் படாமல், கிட்ட இருந்த கோல் கம்பத்தை உரசிக்கொண்டு வளைந்து வந்திருக்கிறது.

"மறுபடியும் போடுங்க" என்றான்.

மறுபடியும் போட்டார்கள். இந்தத் தடவை பந்தைத்தான் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டான். ஆனால் ரயில் ஓடத் தொடங்கியதும் அவன் கண் தானாகவே கடைசிப் பெட்டிக்குப் போய்விட்டது. வலை அசைந்தது.

"மறுபடியும்!"

ரயில் ஓடியது. "விடு!" என்று கத்தினான் ஏகாம்பரம். "கைய விடுடி!" பயந்துபோன கடைசிப் பெண் முன்னால் இருந்தவள் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஏகாம்பரம் பந்து வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பாய்ந்து தரையில் விழுந்தான். முழங்கை தேய்ந்தது.

எழுந்தவனுக்கு உடம்பெல்லாம் மண். ஆத்திரத்தில் வலையிலிருந்த பந்தை எட்டி உதைத்தான்.

"இன்னாங்கடி ஆட்டம் இது? பாதியில கைய விடணும்! கடைசி ஆளு கைய விட்டுட்டு நிக்கணும்! அப்பத்தான் அது ரயிலு!"

"அவங்க விடல சார்" என்றாள் அந்தக் கடைசிப் பெண். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்களுக்கு விடத் தெரியாது போல" என்றும் சொன்னாள்.

ஏகாம்பரம் எஸ்தரைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தான். பிதுங்கிய கிளவுஸ் இரண்டும் காற்றில் ஆடின.

"மேடம், நீங்களே சொல்லுங்க. இது என் ரயிலே இல்ல!"

"அப்ப வினோலியா அவங்களுக்கு எதைண்ணா கொண்டுபோயிக் குடுத்தா?"

விரித்த கை விரித்தபடியே நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் நிஜ ரயில் ஒன்று போனது. பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எஸ்தர் தரையில் உட்கார்ந்து மறுபடியும் பம்பை எடுத்தாள்.

ஏகாம்பரம் கிளவுஸைக் கழற்றினான். இழுத்ததில் ஒன்றில் தையல் விட்டிருந்தது. விட்ட இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தான். வந்தபோது இருந்த கோபம் இப்போதும் இருந்தது. யார் மேல் அதை இறக்கி வைப்பது என்றுதான் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"அந்தப் பொண்ணுகிட்ட நான் போயி இன்னா மேடம் சொல்றது?"

எஸ்தர் காற்றடிப்பதை நிறுத்தவில்லை.

"கோல் எப்புடி விழுந்துச்சுன்னு கேளு."