பெரணியின் பழுப்புப் புள்ளி

மலைக்கு மலை ஓர் அரசன் இருந்த காலத்துச் சங்கதி இது, பொறுமையாகக் கேளுங்கள். குன்றநாடு என்ற மலைநாட்டை வெண்கோடன் என்பவன் ஆண்டுவந்தான்.

அவனுக்கு ஒரே மகள், பெயர் நங்கை. ஏழு வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு நோய். ஒரு மூச்சு விடுவதற்குள் அந்தப் பிள்ளை படாத பாடு பட்டாள். வைத்தியர்கள் வந்தார்கள், மந்திரவாதிகள் வந்தார்கள், துறவிகள் வந்தார்கள். வந்தவர்கள் போனார்கள், நோய் போகவில்லை.

கடைசியில் மருதி என்ற மலைக்காரி ஒரு கட்டுப் பெரணி இலையோடு வந்தாள். மர நிழலில், ஈர மண்ணில் வளரும் செடி அது. பச்சையில் அவ்வளவாக மணக்காது. காயக் காய அறையே மணக்கும். அதைப் பரப்பிய பாயில் படுத்ததும் நங்கைக்கு மூச்சு சீரானது. அரசன் அழுதேவிட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். விடுவானா? குறையுள்ள எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அந்த அரண்மனை வழக்கம். கீறல் விழுந்த பானை கூடாது, வடுப்பட்ட பழம் கூடாது, தழும்புள்ள ஆள் கூடாது. ஒருநாள் அரசன் பெரணி இலையைத் திருப்பிப் பார்த்தான். அடியில் வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் இருந்தன.

"சொறி பிடித்த இலையிலா என் மகள் படுக்கிறாள்? புள்ளியுள்ள செடி ஒன்றுகூடக் காட்டில் இருக்கக் கூடாது. வேரோடு பிடுங்கி எரியுங்கள்!" என்று கத்தினான்.

மருதி ஓடிவந்து காலில் விழுந்தாள். "ராசா, இந்தச் செடிக்குப் பூவும் கெடையாது, காயும் கெடையாது. அப்புறம் குட்டிச்செடி எங்கேருந்து மொளைக்குதுன்னு ஒருத்தராச்சும் சொல்லுங்க. சொல்லிட்டு எரிங்க."

புலவர் விழித்தார், வைத்தியர் விழித்தார், அமைச்சர் விழித்தார். அரசனுக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, அவளை நாட்டைவிட்டே துரத்தினான்.

முதல் வருடம் புள்ளியுள்ள செடிகளைப் பிடுங்கினார்கள். இரண்டாம் வருடம் மிஞ்சியவற்றிலும் புள்ளி வந்தது, அவற்றையும் பிடுங்கினார்கள். மூன்றாம் வருடம் நல்ல மழை. காடெல்லாம் பச்சை, பெரணி மட்டும் ஒன்றுகூட முளைக்கவில்லை. எப்படி முளைக்கும்? அந்தப் புள்ளிகளுக்குள்தானே அதன் வித்து இருந்தது!

நங்கைக்கு மறுபடி இழுப்பு வந்தது. அரசன் தானே காட்டுக்கு ஓடி, மரத்தடி மரத்தடியாக மண்ணைக் கிளறினான். வெறுங்கையோடு அவன் திரும்பியபோது, மகளை முற்றத்தில் கிடத்தி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

தனக்குப் புரியாததையெல்லாம் குறை என்று அழிப்பவன், தன்னை வாழவைப்பதையும் சேர்த்தே அழித்துவிடுகிறான்.